சேமித்த மாடல் திறக்க மறுத்தால்: வாசகர் கேள்வி–பதில்

ட்ரெய்ன் செய்த நியூரல் நெட்வொர்க்கைச் சேமித்து, வேறு இடத்தில் திறக்கும்போது எழும் பெயர்த் தகராறுகள் பற்றிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் படிக்கிற ஒலிப்படியே தமிழில் அச்சிட்டிருக்கிறோம். கணினியில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாழை இலை நோயைப் படத்திலிருந்து கண்டுபிடிக்கும் மாடலை பைடார்ச்சில் (நியூரல் நெட்வொர்க் கட்டும் பைத்தான் நூலகம்) செய்து, நோட்புக்கில் ட்ரெய்ன் செய்து, டார்ச்.சேவ் மூலம் முழு மாடலாகச் சேமித்தேன். 'பைத்தான் ஆப்.பை' என்று ஓட்டினால் திறக்கிறது. சர்வரில் ஜியூனிகார்ன் (பைத்தான் செயலியை சர்வரில் ஓட்டும் நிரல்) வழியாக ஓட்டினால் "கான்ட் கெட் ஆட்ரிப்யூட் லீஃப்நெட் ஆன் மாட்யூல் __மெயின்__" என்கிறது. லீஃப்நெட் கிளாஸ் அதே ஆப்.பை கோப்பில்தான் இருக்கிறது. கண்ணெதிரே இருப்பது எப்படிக் காணாமல் போகும்?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: பிழைச் செய்தியை நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அதன் கடைசிப் பகுதியையும் படியுங்கள். '__மெயின்__ ஃப்ரம்' என்பதற்குப் பிறகு ஜியூனிகார்ன் கோப்பின் பாதை அச்சாகியிருக்கும். விடை அங்கேதான் இருக்கிறது.

டார்ச்.சேவ் முழு மாடலைச் சேமிக்கும்போது உள்ளே வேலை செய்வது, பொருள்களைக் கோப்பாக்கும் பைத்தானின் பிக்கிள். பெயர் ஊறுகாய் என்றாலும், எண்கள் மட்டும்தான் ஜாடிக்குள் இருக்கும். கிளாஸின் நிரல் கோப்புக்குள் போவதில்லை. 'இந்த மாட்யூலில், இந்தப் பெயரில் தேடு' என்ற இரண்டு சொல் குறிப்பு மட்டும் போகிறது. நோட்புக்கில் எழுதிய கிளாஸுக்கு மாட்யூல் பெயர் __மெயின்__. நேரடியாக எந்தக் கோப்பை ஓட்டுகிறீர்களோ அதற்கும் __மெயின்__ என்றுதான் பெயர். ஆகவே 'பைத்தான் ஆப்.பை' என்று ஓட்டியபோது ஆப்.பை-யே __மெயின்__ ஆகி, தற்செயலாகக் கிளாஸ் அகப்பட்டது. ஜியூனிகார்ன் ஓடும்போது __மெயின்__ என்ற நாற்காலியில் உட்கார்ந்திருப்பது ஜியூனிகார்னின் துவக்க ஸ்கிரிப்ட். உங்கள் கோப்பின் பெயர் வெறும் 'ஆப்'. அங்கே இருக்கும் லீஃப்நெட்டை யாரும் தேடப் போவதில்லை.

எதையும் மாற்றுவதற்கு முன், கோப்புக்குள் என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று பார்த்துவிடுங்கள். 2020-இல் வந்த 1.6 பதிப்பிலிருந்து பைடார்ச் சேமிக்கும் கோப்பு ஒரு ஜிப் கோப்புதான். அன்ஜிப் செய்தால் டேட்டா.பிகேஎல் என்று ஒன்று கிடைக்கும். 'பைத்தான் -எம் பிக்கிள்டூல்ஸ் டேட்டா.பிகேஎல்' என்று ஓட்டி, வரும் நீண்ட பட்டியலில் 'குளோபல்' என்ற சொல் உள்ள வரிகளை மட்டும் கிரெப் செய்யுங்கள், விண்டோஸில் ஃபைண்ட்ஸ்டர். இந்தக் கருவி கோப்பைப் படிக்க மட்டுமே செய்யும், உள்ளே இருப்பதை ஓட்டாது. ஆகவே அந்நியர் கொடுத்த கோப்பையும் தைரியமாகப் பார்க்கலாம். 'கலெக்‌ஷன்ஸ் ஆர்டர்ட்டிக்ட்', 'டார்ச்._யுடில்ஸ் _ரீபில்ட்_டென்சர்_வி2', 'டார்ச் ஃப்ளோட்ஸ்டோரேஜ்' போன்ற வரிகள் எல்லாக் கோப்பிலும் இருப்பவை, கவலை வேண்டாம். 'டார்ச்.என்என்.மாட்யூல்ஸ்.கான்வ் கான்வ்2டி' தெரிந்தால் முழு மாடலும் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். உங்கள் கோப்பில் '__மெயின்__ லீஃப்நெட்' என்றொரு வரி நிச்சயம் இருக்கும்.

சரிசெய்ய, கிளாஸை மட்டும் லீஃப்நெட்_மாடல்.பை என்ற தனிக் கோப்புக்கு மாற்றுங்கள். பிறகு ஒரே ஒரு தடவை ஓட்ட ஒரு சின்ன ஸ்கிரிப்ட். முதல் வரியில் 'ஃப்ரம் லீஃப்நெட்_மாடல் இம்போர்ட் லீஃப்நெட்'. நேரடியாக ஓட்டும் ஸ்கிரிப்ட்தானே __மெயின்__? இந்த ஒரு இம்போர்ட்டிலேயே பிக்கிள் தேடும் இடத்தில் லீஃப்நெட் வந்துவிடுகிறது. அடுத்து டார்ச்.லோட்; மேப்_லொகேஷன் 'சிபியு', வெயிட்ஸ்_ஒன்லி=ஃபால்ஸ். கடைசியாக, திறந்த மாடலின் ஸ்டேட்_டிக்ட்டை (எடைகள் எனப்படும், மாடல் கற்ற எண்களின் அட்டவணை) மட்டும் புதுக் கோப்பில் டார்ச்.சேவ் செய்யுங்கள். அதோடு, கிளாஸை உருவாக்கத் தேவையான அளவுகளையும் (எத்தனை நோய் வகுப்புகள், படத்தின் அளவு) வெறும் எண்களாக ஒரு டிக்‌ஷனரியில் போட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்து, வகுப்புகள் 5-ஆ 6-ஆ என்று தலையைச் சொறிய வேண்டியிருக்காது.

ஆப்.பை-யில் இனி லீஃப்நெட்டைப் புதிதாக உருவாக்கி, லோட்_ஸ்டேட்_டிக்ட் செய்து, இவால் (மாடலை விடை சொல்லும் நிலைக்கு மாற்றும் கட்டளை) அழைத்தால் போதும். புதுக் கோப்பை மறுபடி பிக்கிள்டூல்ஸில் பாருங்கள்: __மெயின்__ என்ற சொல்லே இருக்கக் கூடாது.

'__மெயின்__.லீஃப்நெட் = லீஃப்நெட்' என்று ஆப்.பை-யில் ஒரு வரி எழுதினால் போதும் என்று இணையத்தில் பலர் சொல்வார்கள். வேலை செய்யும்தான். ஆனால் அடுத்து ஒரு மாடல் வந்து, அதன் கிளாஸுக்கும் 'நெட்' என்றோ 'லீஃப்நெட்' என்றோ பெயர் இருந்தால், இரண்டில் ஒன்று மற்றதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த வழியை நாம் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: யோலோவி5-இல் (படத்தில் பொருள்களைக் கண்டுபிடிக்கும் மாடல்) ட்ரெய்ன் செய்த பெஸ்ட்.பிடி கோப்பை என் சொந்த புராஜெக்டில் திறக்க வேண்டும். என்னிடமும் மாடல்ஸ்.பை என்ற கோப்பும், யுடில்ஸ் என்ற ஃபோல்டரும் இருக்கின்றன. "நோ மாட்யூல் நேம்டு மாடல்ஸ்.யோலோ, மாடல்ஸ் இஸ் நாட் எ பேக்கேஜ்" என்று வந்தது. சிஸ்.பாத்தில் யோலோவி5 ஃபோல்டரைச் சேர்த்தும் மாறவில்லை. என் கோப்பின் பெயரை மாற்றினால் "கான்ட் கெட் ஆட்ரிப்யூட் டிடெக்‌ஷன்மாடல்" என்று வேறொன்று.
— வாசகி, கோவை

பதில்: இரண்டும் தனித்தனிக் கோளாறுகள். ஒன்றின் பின்னால் மற்றது ஒளிந்திருந்தது.

முதலாவது. பெஸ்ட்.பிடி முழு மாடலையும் சுமக்கிறது, அதற்குள் 'மாடல்ஸ்.யோலோ', 'மாடல்ஸ்.காமன்' என்ற முகவரிகள் இருக்கின்றன. மாடல்ஸ், யுடில்ஸ் என்பவை தெருவுக்கு நாலு முருகன் இருப்பதுபோல எல்லா புராஜெக்டிலும் உள்ள பெயர்கள். பைத்தான் சிஸ்.பாத்தை முதலிலிருந்து வரிசையாகப் பார்த்து, முதலில் அகப்பட்ட 'மாடல்ஸ்' எதுவோ அதையே எடுத்துக்கொள்ளும். ஓட்டும் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டர்தான் வரிசையில் முதலாவது, ஆகவே உங்கள் மாடல்ஸ்.பை முந்திவிட்டது. அது ஒற்றைக் கோப்பு. அதற்குள் யோலோ என்ற இன்னொரு கோப்பைத் தேட முடியாது. 'பேக்கேஜ் அல்ல' என்று பைத்தான் சொல்வது இதைத்தான்.

சிஸ்.பாத்தை மாற்றியும் ஏன் பலனில்லை? அப்பெண்ட் செய்தால் அது வரிசையில் கடைசிக்குத்தான் போகும். இன்சர்ட் செய்து முதலில் வைத்தாலும், அதற்கு முன்பே உங்கள் மாடல்ஸ் இம்போர்ட் ஆகியிருந்தால் சிஸ்.மாட்யூல்ஸ் என்ற பதிவேட்டில் அதன் பெயர் ஏறிவிட்டது. பதிவேட்டில் பெயர் இருந்தால் பைத்தான் பாதையைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. ஐயம் வந்தால் மாடல்ஸ்.__ஃபைல்__, யுடில்ஸ்.__ஃபைல்__ இரண்டையும் பிரிண்ட் செய்யுங்கள். எந்த ஃபோல்டரிலிருந்து வந்தது என்று அப்பட்டமாகத் தெரியும். நோட்புக்கில் என்றால் கெர்னலை ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது. உங்களிடம் உள்ள யோலோவி5 நகல், அந்தக் கோப்பை உருவாக்கிய நிரலைவிடப் பழையது. முன்பு அந்தக் கிளாஸுக்கு 'மாடல்' என்று பெயர்; பிறகு 'டிடெக்‌ஷன்மாடல்' ஆக்கினார்கள். புதிய நிரலில் பழைய பெயரையும் மாற்றுப்பெயராக விட்டுவைத்திருக்கிறார்கள், ஆகவே பழைய கோப்பு புதிய நிரலில் திறக்கும். புதிய கோப்பு பழைய நிரலில் திறக்காது. கிட் புல் செய்து புதிய நிரலை இறக்கினால் இது தீரும்.

முதல் கோளாறுக்கு நம் சிபாரிசு: இரண்டு புராஜெக்டையும் ஒரே பைத்தான் ஓட்டத்தில் சேர்க்கவே வேண்டாம். மாடலை ஓட்டிப் பார்ப்பது மட்டும்தான் தேவை என்றால், டெர்மினலில் யோலோவி5 ஃபோல்டருக்குள் போய் எக்ஸ்போர்ட்.பை-யை ஓட்டுங்கள்; --வெயிட்ஸ்-க்கு உங்கள் பெஸ்ட்.பிடி, --இன்க்லூட்-க்கு ஓஎன்என்எக்ஸ் அல்லது டார்ச்ஸ்கிரிப்ட் (இரண்டும் மாடல் கோப்பு வடிவங்கள்). வெளிவரும் கோப்பில் பைத்தான் கிளாஸ் எதையும் தேட வேண்டியதில்லை. மோதுவதற்குப் பெயரும் இல்லை. மேலும் ட்ரெய்ன் செய்ய வேண்டும் என்றால், அதே ஃபோல்டரிலிருந்து திறந்து ஸ்டேட்_டிக்ட்டை மட்டும் எடுங்கள். அந்தக் கோப்பு ஒரு டிக்‌ஷனரி. அதில் 'மாடல்' என்ற சாவியில் இருப்பதுதான் நெட்வொர்க். எடைகள் பாதி துல்லியத்தில் இருப்பதால் ஃப்ளோட் அழைத்துவிட்டு எடுக்க வேண்டும். ட்ரெய்னிங் பாதியில் நின்றுபோன லாஸ்ட்.பிடி என்றால் 'இஎம்ஏ' (எடைகளின் நகரும் சராசரி) என்ற சாவியில் இருப்பதை எடுங்கள். முழுதாக முடிந்த ஓட்டத்தில் இஎம்ஏ எடைகளே 'மாடல்' சாவிக்கு மாற்றப்பட்டுவிடும்.

ஒரே ஓட்டத்தில்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் வழி உண்டு. சிஸ்.மாட்யூல்ஸில் மாடல்ஸ், யுடில்ஸ், அவற்றின் கீழுள்ள எல்லாப் பெயர்களையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, யோலோவி5 ஃபோல்டரைச் சிஸ்.பாத்தின் தலையில் செருகி, மாடலைத் திறந்து, பிறகு பழைய பெயர்களைத் திரும்ப வைக்க வேண்டும். தாய் மாட்யூல், சேய் மாட்யூல் இரண்டையும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவதுதான் வழக்கமான தவறு. இதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஃபங்ஷனுக்குள்ளே எழுதப்பட்ட இம்போர்ட் வரிகள் அந்த ஃபங்ஷன் ஓடும்போதுதான் வேலை செய்யும். அந்த நேரத்தில் பதிவேட்டில் இருப்பது மறுபடி உங்கள் யுடில்ஸ். திறக்கும்போது வராத பிழை, ஓட்டும்போது வரும்.

கேள்வி: பழைய மாடல் பிழையே இல்லாமல் திறக்கிறது. ஆனால் விடைகள் வேறு மாதிரி வருகின்றன. இடையில் கிளாஸின் ஃபார்வர்டில் (விடையைக் கணக்கிடும் பகுதியில்) சிறு மாற்றம் செய்தேன், பெயரை மாற்றவில்லை.
— வாசகர், மதுரை

பதில்: இது ஆள் மாறாட்டம். முழு மாடலாகச் சேமித்த கோப்பைத் திறக்கும்போது __இனிட்__ (பொருளை முதன்முதலில் அமைக்கும் பகுதி) ஓடாது. பழைய பொருளின் உறுப்புகள் அப்படியே எடுத்து வைக்கப்படும். ஃபார்வர்ட் மட்டும் இன்றைக்கு அந்தப் பெயரில் இருக்கும் கிளாஸிலிருந்து வரும். பழைய எடைகள், புதிய கணக்கு. அதில் ரெலு என்ற கணக்குச் சார்பை ஜெலு ஆக்கியிருந்தால் அளவுகள் எல்லாம் பொருந்தும், யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். மாறாக, புதிதாக ஒரு டிராப்அவுட்டை __இனிட்__டில் சேர்த்திருந்தால், பழைய பொருளில் அது இல்லை என்ற பிழையாவது வந்திருக்கும். அந்த வகையில் பிழை வருவது நல்லது.

பைடார்ச்சின் சொந்த கிளாஸ்களும் இதில் மாட்டியிருக்கின்றன. பழைய பதிப்பில் சேமித்த யோலோ மாடல்களை 1.11-இல் திறந்தவர்களுக்கு, அப்சாம்பிளில் 'ரீகம்ப்யூட்_ஸ்கேல்_ஃபேக்டர்' இல்லை என்ற பிழை வந்தது. காரணம் இதேதான். மாடலில் உள்ள அப்சாம்பிள் ஒவ்வொன்றிலும் அந்த உறுப்பை 'நன்' (வெற்று மதிப்பு) என்று வைத்தால் தீர்ந்துவிடும்.

உங்களுக்கு: கிட் வரலாற்றிலிருந்து பழைய ஃபார்வர்டை எடுத்து, அதற்கு லீஃப்நெட்வி1 என்பதுபோல் தனிப் பெயர் கொடுத்து, ஸ்டேட்_டிக்ட்டை அதற்குள் ஏற்றுங்கள். இனிமேல் ஒவ்வொரு மாடலோடும் ஒரு மாதிரி உள்ளீட்டையும், அதற்கு வந்த வெளியீட்டையும் சேமியுங்கள். திறந்தவுடன் இவால் அழைத்து, அதே உள்ளீட்டைக் கொடுத்து, டார்ச்.ஆல்குளோஸ் மூலம் ஒப்பிடுங்கள். ஒரே கணினியில் 0.00001 அளவுக்குள் பொருந்த வேண்டும்.

கேள்வி: இரண்டு ஜிபியுவில் ட்ரெய்ன் செய்த ஸ்டேட்_டிக்ட்டை ஏற்றினால் "மிஸ்ஸிங் கீஸ், அன்எக்ஸ்பெக்டட் கீஸ்" என்று ஒரு பக்கத்துக்குப் பட்டியல். ஸ்ட்ரிக்ட்=ஃபால்ஸ் போட்டதும் சரியாகிவிட்டது. ஆனால் மாடல் குருட்டாம்போக்கில் விடை சொல்கிறது.
— வாசகி, திருச்சி

பதில்: சரியாகவில்லை, வாயை அடைத்திருக்கிறீர்கள். எடை ஒன்றுகூட உள்ளே போயிருக்காது. லோட்_ஸ்டேட்_டிக்ட் திருப்பித் தரும் பதிலைப் பிரிண்ட் செய்தால், எந்தச் சாவிகள் விடுபட்டன, எவை மிகுந்தன என்று இரண்டு பட்டியலும் கிடைக்கும்.

சாவிகளில் முதல் ஐந்தைப் பாருங்கள். 'மாட்யூல்.' என்று தொடங்கினால் அது டேட்டாபேரலல் அல்லது டிடிபி (பல ஜிபியுவில் ட்ரெய்ன் செய்ய மாடலைச் சுற்றும் உறைகள்) ஒட்டியது. '_ஆரிக்_மாட்.' என்றால் டார்ச்.கம்பைல் (மாடலை வேகப்படுத்தும் கட்டளை) ஒட்டியது. இரண்டும் சேர்ந்திருந்தால் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். எது வெளியே, எது உள்ளே என்பது நீங்கள் சுற்றிய வரிசையைப் பொறுத்தது. 'மாடல்.' என்று தொடங்கினால் பெரும்பாலும் லைட்னிங் (பைடார்ச் மேல் கட்டிய நூலகம்) கோப்பு.

முன்னொட்டை நீக்க ரிப்ளேஸ் வேண்டாம். சாவியின் நடுவில் அதே சொல் வந்தால் அதையும் வெட்டிவிடும். பைத்தான் 3.9 முதல் உள்ள ரிமூவ்பிரிஃபிக்ஸ் தொடக்கத்தை மட்டும் வெட்டும். பைடார்ச்சிலேயே கன்ஸ்யூம்_பிரிஃபிக்ஸ்_இன்_ஸ்டேட்_டிக்ட்_இஃப்_பிரசென்ட் என்று நீளமான பெயரில் ஒரு ஃபங்ஷன் உண்டு. அது கொடுத்த டிக்‌ஷனரியையே திருத்தும், எதையும் திருப்பித் தராது. அதன் விடையை ஒரு மாறியில் பிடித்துக்கொண்டு 'நன் வருகிறதே' என்று குழம்ப வேண்டாம். அடுத்த முறை, சேமிக்கும்போதே மாடல்.மாட்யூல்.ஸ்டேட்_டிக்ட் என்று உறையைக் கழற்றிவிட்டுச் சேமியுங்கள்.

கேள்வி: பைடார்ச்சைப் புதுப்பித்த பிறகு "வெயிட்ஸ் ஒன்லி லோட் ஃபெயில்டு... நம்பை.கோர்.மல்டிஅர்ரே.ஸ்கேலர்" என்று வருகிறது. நான் ஸ்டேட்_டிக்ட் மட்டும்தான் சேமித்தேன்.
— வாசகர், சேலம்

பதில்: ஸ்டேட்_டிக்ட்டோடு 'பெஸ்ட்_அக்யூரசி' மாதிரி ஏதோ ஒன்றையும் சேர்த்துச் சேமித்திருப்பீர்கள், அது நம்பை (எண் கணக்குக்கான பைத்தான் நூலகம்) எண்ணாக இருந்திருக்கும். 2025 ஜனவரியில் வந்த 2.6 பதிப்பிலிருந்து டார்ச்.லோட்டின் வெயிட்ஸ்_ஒன்லி தானாகவே 'ட்ரூ'. அனுமதிப் பட்டியலில் இல்லாத பெயர் கோப்பில் இருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடும். பிக்கிள் கோப்பு திறக்கும்போதே எந்த நிரலையும் ஓட்ட வல்லது என்பதால் இந்தக் கெடுபிடி நியாயமானதுதான்.

டார்ச்.சீரியலைசேஷனில் உள்ள கெட்_அன்சேஃப்_குளோபல்ஸ்_இன்_செக்பாயிண்ட்டுக்குக் கோப்பைக் கொடுத்தால், நிறுத்தப்படும் பெயர்கள் எல்லாம் ஒரே பட்டியலாக வரும். கோப்பு உங்களுடையதே என்றால் ஒரு தடவை வெயிட்ஸ்_ஒன்லி=ஃபால்ஸ் போட்டுத் திறந்து, அந்த எண்ணை ஃப்ளோட் ஆக்கி, மறுபடி சேமியுங்கள். உங்கள் சொந்த கிளாஸ் ஏதாவது தவிர்க்க முடியாமல் உள்ளே இருந்தால் ஆட்_சேஃப்_குளோபல்ஸில் அதை மட்டும் சேருங்கள். அந்நியர் கோப்புக்கு ஃபால்ஸ் போடாதீர்கள். சேஃப்டென்சர்ஸ் (திறக்கும்போது எந்த நிரலையும் ஓட்டாத கோப்பு) வடிவில் தரச் சொல்லுங்கள்.

நம்பை எண் இருப்பதில் இன்னொரு தொல்லையும் உண்டு. 2024-இல் வந்த நம்பை 2.0-இல் 'நம்பை.கோர்' என்பது 'நம்பை._கோர்' ஆகிவிட்டது. புதியதில் சேமித்த கோப்பை 1.24 போன்ற பழைய நம்பை உள்ள கணினியில் திறந்தால், அந்த மாட்யூலே இல்லை என்று வரும். ஒற்றைப் புள்ளிவிவரத்துக்காக இத்தனை பாடு.

கேள்வி: கெராஸில் (பைடார்ச் போன்ற இன்னொரு நூலகம்) 'அட்டென்ஷன்' என்று சொந்தமாக ஒரு லேயர் எழுதி, மாடலை .எச்5 கோப்பாகச் சேமித்தேன். திறக்கும்போது "அட்டென்ஷன் லேயர் மஸ்ட் பி கால்டு ஆன் எ லிஸ்ட் ஆஃப் இன்புட்ஸ்" என்கிறது. என் லேயர் லிஸ்ட் எதுவும் கேட்பதில்லையே?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: கேட்பது உங்கள் லேயர் அல்ல. கெராஸில் ஏற்கெனவே அட்டென்ஷன் என்ற லேயர் உள்ளது. .எச்5 கோப்பில் கிளாஸின் பெயர் மட்டும்தான் எழுதப்படும், எந்த மாட்யூல் என்று எழுதப்படாது. ஆகவே கெராஸ் தன் சொந்தப் பிள்ளையை அழைத்துவிட்டது.

இப்போதைக்கு லோட்_மாடலில் கஸ்டம்_ஆப்ஜெக்ட்ஸ் கொடுங்கள்: சாவி 'அட்டென்ஷன்' என்ற பெயர், மதிப்பு உங்கள் கிளாஸ். கெராஸ் முதலில் அதைத்தான் பார்க்கும். திறந்த பிறகு எடைகளை எடுத்துக்கொண்டு கிளாஸின் பெயரை மாற்றுங்கள். அதன் தலையில் ரிஜிஸ்டர்_கெராஸ்_சீரியலைசபிள் டெகரேட்டரை வைத்து, 'பேக்கேஜ்' என்ற இடத்தில் உங்கள் புராஜெக்டின் பெயரைக் கொடுங்கள். காலியாக விட்டால் எல்லாருக்கும் பொதுவான 'கஸ்டம்' என்பது விழும். அதில் இரண்டு லேயர் ஒரே பெயரில் பதிவானால், பதிப்பைப் பொறுத்துப் பிழை வரும் அல்லது பின்னது முன்னதை மறைக்கும்.

பிறகு .கெராஸ் வடிவில் சேமியுங்கள். அதுவும் ஒரு ஜிப் கோப்புதான். உள்ளே உள்ள கான்ஃபிக்.ஜேசனைத் திறந்து 'ரிஜிஸ்டர்ட்_நேம்' என்ற வரியைப் பாருங்கள். பேக்கேஜ் பெயர், நடுவில் ஒரு '>' குறி, பிறகு கிளாஸ் பெயர் என்று இருக்க வேண்டும். பின்னாளில் கிளாஸின் பெயரை மாற்றினாலும், கஸ்டம்_ஆப்ஜெக்ட்ஸில் இந்தப் பழைய முழுப் பெயரையே சாவியாகக் கொடுத்துப் புதிய கிளாஸைக் காட்டலாம். கெட்_கான்ஃபிக்கில் உங்கள் லேயரின் அளவுகளைச் சேர்க்க மறந்தால் பெயர் சரியாக இருந்தும் திறக்காது. அது பெயர்த் தகராறு அல்ல.

கேள்வி: டார்ச்ஸ்கிரிப்ட் கோப்புக்கு கிளாஸே தேவையில்லை என்றார்கள். "அன்னோன் பில்டின் ஆப் டார்ச்விஷன்::என்எம்எஸ்" என்று வருகிறதே?
— வாசகர், புதுச்சேரி

பதில்: கிளாஸ் தேவையில்லை, ஆனால் அந்த என்எம்எஸ் பைடார்ச்சுக்குள் இல்லை, டார்ச்விஷன் என்ற துணை நூலகம் தன் பெயர்வெளியில் பதிவு செய்யும் செயல் (ஆப்) அது. டார்ச்.ஜிட்.லோட் வரிக்கு மேலே 'இம்போர்ட் டார்ச்விஷன்' என்று எழுதுங்கள். நிரலில் எங்கும் பயன்படாத இம்போர்ட் என்று எடிட்டர் மங்கலாகக் காட்டும், அழித்துவிடாதீர்கள். அப்படியும் வந்தால், பைடார்ச்சும் டார்ச்விஷனும் பொருந்தாத பதிப்புகளாக இருக்கும். இரண்டையும் அன்இன்ஸ்டால் செய்து, ஒரே பிப் கட்டளையில் சேர்த்து நிறுவுங்கள்.